நான்கில் ஒரு பங்கு

கிளெமென்ற் பிடித்த சீட்டுக்கு ஒரு விதி இருந்தது. மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் கூறினால், எடுத்தவரின் கையில் அந்தக் காசு மறுவாரம் வெள்ளிக்கிழமைக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள். ஒஸ்லோவில் சிலருக்குப் பன்னிரண்டாம் திகதி சம்பளம் வரும், சிலருக்கு இருபதாம் திகதி, சிலருக்கு இருபத்தைந்தாம் திகதி. இருபது பேரிடம் ஆளுக்குப் பத்தாயிரம் குரோணர் சேர்த்து முடிக்க அந்தப் பன்னிரண்டு நாள் போதும் என்று அவர் ஆரம்பத்திலேயே கணக்குப் பார்த்திருந்தார். பதினெட்டு வருடங்களில் ஒரேயொரு தடவைதான் அந்த வெள்ளிக்கிழமை தவறியது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முப்பதாம் திகதி. சிறிதேவியின் முறை.

கிளெமென்ற் குருநகரில் பிறந்தவர். எண்பத்தெட்டில் நோர்வேக்கு வந்து, ஒரு வருடம் மொழி படித்துவிட்டு, வடக்கே பின்மார்க் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தார். தொர்ஸ்க் என்ற பெரிய வெள்ளை மீனின் சதையை முள்ளிலிருந்து பிரித்தெடுப்பது வேலை. கத்தி முள்ளை ஒட்டிப் போனால் சதையில் முள் வரும். விலகிப் போனால் நல்ல சதை முள்ளோடு கழிவுத் தொட்டிக்குப் போகும். நாள் முடிவில் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரின் தொட்டியையும் நிறுத்துப் பார்ப்பார். கத்திக்கும் முள்ளுக்கும் நடுவில் எவ்வளவு விடவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் மாதம் கிளெமென்றின் கை அதை அறிந்துகொண்டது. பத்து வருடம் அங்கே நின்றார். தோள்மூட்டுத் தேய்ந்த பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பேருந்து ஓட்டப் பழகினார். ஹவுகன்ஸ்டுவாவில் மூன்று அறை வீடு வாங்கினார்.

பேருந்து ஓட்டத்திலும் அவரைப் பிடித்தது விட்டுவைக்கும் இடம்தான். முன்னால் போகும் காருக்கும் தனக்கும் நடுவில் விடுகிற தூரம். பனி கொட்டிய நாளில் அதை மூன்று மடங்காக்குவது. பாதையின் முடிவுத் தரிப்பிடத்தில் அட்டவணை தருகிற ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடம் சாரதியின் ஓய்வுக்கு மட்டும் உரியதல்ல என்று புதிதாக வருகிற சாரதிகளுக்குச் சொல்லுவார். வழியில் ஒரு தள்ளுவண்டி, ஒரு சக்கர நாற்காலி, சில்லறை தேடுகிற ஒரு கிழவர், எல்லோருக்குமாக ஒதுக்கியது அது. 2022 ஓகஸ்ட்டில் கம்பனி அட்டவணையை மாற்றியது. ஒன்பது நிமிடம் நான்கு நிமிடமானது.

இப்படிப்பட்ட மனிதர் பங்குச்சந்தையில் எப்படி மாட்டினார் என்று பின்னாளில் எல்லோரும் கேட்டார்கள். அவரும் தன்னைக் கேட்டுப் பார்த்தார். கொரோனாக் காலத்தில் வெறும் பேருந்தை ஓட்டியபடி வானொலியில் கேட்ட செய்தியில்தான் தொடங்கியது. நோர்வேயின் சால்மன் மீன், இங்கே லக்ஸ் என்பார்களே, அதை வளர்க்கிற கம்பனிகளின் பங்கு விழுந்து கிடந்தது. மீன் தனக்குத் தெரிந்த சாமான் என்று நினைத்தார். நாற்பதாயிரம் போட்டார். ஒரு வருடத்தில் அது அறுபத்தெட்டாயிரமானது. பிறகு வீட்டுக் கடனைக் கூட்டி எடுத்தார். எல்லாமாகச் சொந்தப் பணம் நான்கு லட்சம் குரோணர்.

பங்குத் தரகுக் கம்பனி அந்த நான்கு லட்சத்தை வைத்துக்கொண்டு மேலும் பன்னிரண்டு லட்சம் கடன் கொடுத்தது. பதினாறு லட்சத்துக்குப் பங்கு வாங்கலாம். நிபந்தனை ஒன்றுதான். வாங்கிய பங்கின் பெறுமதியில் நான்கில் ஒரு பங்கு எப்போதும் அவருடைய சொந்தப் பணமாக நிற்க வேண்டும். இதைத்தான் அவர்கள் மார்ஜின் என்றார்கள். பங்கு பத்து வீதம் ஏறினால் அவருடைய நான்கு லட்சத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் இலாபம். பத்து வீதம் இறங்கினால் அதே அளவு நட்டம். நட்டம் கடன் கொடுத்தவனின் பன்னிரண்டு லட்சத்தைத் தொடாது. முழுவதும் அவருடைய நான்கிலிருந்தே போகும். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தார். சொந்தப் பங்கு பத்தில் ஒன்றுக்குக் கீழே போனால், கேட்காமலேயே விற்றுக் கடனை எடுத்துக்கொள்வோம் என்ற வரியையும் வாசித்தார். வாசித்த இடங்களில் பென்சிலால் சிறு கோடு போட்டு வைத்திருந்தார். மனைவி வசந்தமலரிடம் இதில் எதையும் சொல்லவில்லை.

செப்டம்பர் பதினெட்டாம் திகதி ஞாயிறு. சீட்டுக்காரர்கள் வழமைபோல் ஹவுகன்ஸ்டுவா வீட்டில் கூடினார்கள். வசந்தமலர் கட்லட் பொரித்து வைத்திருந்தாள். இருபது மாதச் சீட்டில் அது பதினோராம் மாதம். மொத்தம் இரண்டு லட்சம். யாருக்கு அவசரமோ அவர் மற்றவர்களைவிடக் கூடிய கழிவைக் கூறி எடுப்பார். கழிவாக விடும் காசை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

"ஆர் கூறுறது?" என்றார் கிளெமென்ற்.

"நான் அண்ணை," என்றாள் சிறிதேவி. "எட்டு."

"எட்டாயிரமோ? ஒன்பது," என்றான் இரவீந்திரன். அவன் டாக்சி ஓட்டுகிறவன். தன் சீட்டை மார்ச் மாதமே எடுத்துவிட்டவன்.

"உனக்கு என்னடா கூறுறதுக்கு? எடுத்தவன் வாயை மூடிக்கொண்டு கட்லட்டைத் தின்," என்றார் கிளெமென்ற்.

"சும்மா ஏத்தி விடுறன் அண்ணை. கழிவு கூடினால் எனக்கும் ரெண்டு காசு வரும்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையாகவே கூறிய இன்னும் இருவர் இருந்தார்கள். சிறிதேவி பத்து என்றாள், பன்னிரண்டு என்றாள். கடைசியில் பக்கத்தில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பதினாலு" என்றாள். மற்ற இருவரும் விட்டுவிட்டார்கள். அவளுக்குக் கிடைப்பது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

சிறிதேவிக்கு நாற்பத்தாறு வயது. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. புருஷன் லண்டனுக்குப் போய் ஒன்பது வருடம். மகள் கம்சிகா தாதி வேலைக்குப் படிக்கிறாள். பதினாலு வருடமாக ரொம்சோஸில் ஒரு நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரொம்மனில் இரண்டு அறை வீடொன்றை ஏலம் கேட்டு, அது அவளுக்கு விழுந்திருந்தது. இருபத்துநான்கு லட்சம். வங்கி கடன் தரும், ஆனால் விலையின் பதினைந்து வீதம் சொந்தக் கையில் இருக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம். மூன்று லட்சத்து அறுபதாயிரம். அவளிடம் ஒன்றே முக்கால் லட்சம் இருந்தது.

"அங்கிள், முப்பதாம் திகதி ரெண்டு மணிக்கு முதல் மெக்லரின்ரை கொன்ரோவிலை காசு நிக்கவேணும்," என்றாள் கம்சிகா. மெக்லர் என்றது வீட்டுத் தரகரை, கொன்ரோ என்றது வங்கிக் கணக்கை. "திங்கட்கிழமை திறப்புத் தருவினம்."

"எந்த வெள்ளிக்கிழமை நான் தவறினனான், பிள்ளை?"

"ஐயோ, உங்களைச் சொல்லேல்லை. வங்கிக்காரர் என்னைத்தான் கேக்கிறாங்கள். அம்மாவுக்கு நொஷ்க் பாஷை காணாது எண்டு."

"எனக்கு நொஷ்க் காணும்," என்றாள் சிறிதேவி. "அவங்கள் கதைக்கிற வேகம்தான் காணாது."

இருபத்தைந்தாம் திகதி ஞாயிறென்பதால் கடைசிச் சம்பளமும் முந்தியே வர, வெள்ளிக்கிழமை இருபத்துமூன்றாம் திகதிக்குள் காசு முழுவதும் கிளெமென்றின் கணக்கில் வந்து சேர்ந்தது. கழிவு கழித்து, ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். அன்றே சிறிதேவிக்கு அனுப்பியிருக்கலாம். மற்ற மாதங்களில் அனுப்பியும் இருக்கிறார். அந்த வாரம் பங்குவிலை தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கை போகவில்லை. தவணை அடுத்த வெள்ளிதானே என்று விட்டார்.

திங்கட்கிழமை தரகுக் கம்பனியின் குறுஞ்செய்தி வந்தது. பங்கின் பெறுமதி பதின்மூன்று லட்சத்து அறுபதாயிரமாக இறங்கிவிட்டது. கடன் பன்னிரண்டு அப்படியே நிற்கிறது. சொந்தப் பங்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். இருக்கவேண்டியது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். நாளை மதியத்துக்குள் குறைவை நிரப்பவும், அல்லது விற்கவும்.

வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து கொப்பியில் எழுதிப் பார்த்தார். குறைவு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதைப் பங்கை விற்று நிரப்புவதானால் ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்கு விற்க வேண்டும். ஒரு குரோணர் குறைவுக்கு நான்கு குரோணர் பங்கு. பாதிக்கு மேல் போய்விடும், போனது திரும்ப ஏறினாலும் தனக்கு வராது. காசாகப் போடுவதானால் ஒரு லட்சத்து எண்பது போதும்.

அந்தத் தொகை அவருடைய கணக்கில் இருந்தது.

செப்டம்பரில் மீன் மலியும், மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு ஏறும் என்று பின்மார்க்கில் சொல்லுவார்கள். இரண்டு நாள்தான் என்று நினைத்தார். பங்கை விற்றால் காசு கைக்கு வர இரண்டு வேலைநாள் எடுக்கும். புதன்கிழமை விற்றால் வெள்ளிக்கிழமை காலை காசு. மதியத்துக்கு முதல் சிறிதேவிக்கு. கொப்பியில் 'புதன்' என்று எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை அனுப்பினார்.

"ஆரோடை கதைக்கிறியள்?" என்று வசந்தமலர் அறையிலிருந்து கேட்டாள்.

"ஒருத்தரோடையும் இல்லை. கூட்டிப் பாக்கிறன்."

செவ்வாய்க்கிழமை விலை கொஞ்சம் ஏறியது. பதினான்கு லட்சத்து இருபதாயிரம். அன்று எல்லாவற்றையும் விற்றிருந்தால் கடனும் தீர்ந்து, சிறிதேவியின் காசும் வந்து, அவருடைய கையில் இரண்டு லட்சத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும். அவர் அதையும் கூட்டிப் பார்த்தார். ஆனால் ஏறுகிற நாளில் விற்க மனம் வரவில்லை. கொப்பியில் புதன் என்றுதான் எழுதியிருந்தது.

புதன்கிழமை சந்தை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அவருடைய பேருந்து ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு முடிவுத் தரிப்பிடத்துக்கு வரும், ஒன்பது ஐந்துக்குப் புறப்படும். விற்பதற்கு ஒரு நிமிடம் போதும். ரொம்மனில் ஒரு தாய் இரட்டைத் தள்ளுவண்டியோடு ஏறினாள். அடுத்த தரிப்பில் சக்கர நாற்காலி. இறங்கிப் போய்ச் சாய்தளத்தை விரித்து, ஏற்றி, மடித்து வந்தார். முடிவுத் தரிப்பிடத்துக்கு ஒன்பது ஆறுக்குத்தான் வந்து சேர்ந்தார். அங்கே பதினெட்டுப் பேர் மழையில் நின்றார்கள். கைபேசி ஆசனத்துக்குப் பின்னால் பையில் இருந்தது. முன்பு என்றால் அந்த ஒன்பது நிமிடத்தில் இன்னும் நான்கு மிஞ்சியிருக்கும். கதவைத் திறந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

அவர் அந்தச் சுற்றை ஓட்டிக்கொண்டிருந்தபோது அரசாங்கம் மீன் வளர்ப்புக் கம்பனிகளுக்குப் புதிதாக ஒரு வரியைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. முன் ஆசனங்களில் இருந்த இரண்டு நோர்வேஜியக் கிழவர்கள் கைபேசியைப் பார்த்து அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

"நல்ல வேலை. கடல் எல்லாருடையதும்தானே," என்றார் ஒருவர்.

கிளெமென்ற் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். கைகள் சுக்கானில் இருந்தன. பேருந்து நிறைய ஆட்கள். பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு மறுமுனைக்கு வந்து, ஆட்களை வெளியே நிற்கவைத்துக் கதவை மூடி, பையைத் திறந்தார். மூன்று செய்திகள். முதலாவது, குறைவை நிரப்பவும். இரண்டாவது, உடனடியாக நிரப்பவும். மூன்றாவது, ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி உங்கள் பங்குகள் விற்கப்பட்டுவிட்டன. விலை கால்வாசிக்கு மேல் விழுந்திருந்தது. கடனை எடுத்துக்கொண்ட பிறகு அவருக்கு மீதி பதினோராயிரத்து நானூறு குரோணர்.

வெளியில் ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள். கதவைத் திறந்தார்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து, பேருந்துத் தரிப்பு முற்றத்தில் நின்றபடி இரவீந்திரனை அழைத்தார்.

"ரவி, ஒரு லட்சத்து எண்பது வேணும். வெள்ளிக்கு."

"என்னண்ணை, கப்பல் வாங்கப்போறியளோ?"

கிளெமென்ற் சொன்னார். மறுபக்கத்தில் டாக்சியின் சமிக்ஞை விளக்கு டிக் டிக் என்று அடிப்பது கேட்டது.

"சீட்டுக் காசையோ?"

"ரெண்டு நாளைக்கு எண்டுதான் போட்டனான்."

"அண்ணை, உங்களுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?"

"பத்து வருஷம் வெட்டினனான்."

"நீங்கள் வெட்டினது தொர்ஸ்க். வாங்கினது லக்ஸ். தொர்ஸ்க் கடலிலை தன்ரை பாட்டிலை வளருறது. லக்ஸ் அரசாங்கம் குடுக்கிற அனுமதியிலை கூட்டுக்கை வளருறது. கூடு வைச்சிருக்கிறவனுக்கு வரி வரும் எண்டு கத்தி பிடிச்சவனுக்கு என்னெண்டு தெரியும்?" பிறகு குரலைத் தணித்தான். "என்னட்டை நாப்பது இருக்கு. இப்பவே அனுப்பிறன். மற்ற ஆக்களிட்டையும் கேக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். சீட்டுப் பிடிக்கிறவனிட்டைக் காசில்லை எண்டு ஒருக்கா வெளியிலை போனால் முடிஞ்சுது."

"அப்ப சிறிதேவிக்கெண்டாலும் இப்பவே சொல்லுங்கோ."

"வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கடா."

"அந்த ரெண்டு நாளும் உங்களுக்கோ, அவவுக்கோ?"

"அந்த நாப்பதை அனுப்பு," என்றார் கிளெமென்ற்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். வீட்டின் மேல் எடுக்கக்கூடிய கடன் முழுவதையும் ஏற்கெனவே எடுத்துவிட்டதை அந்த இளைஞன் கணினியில் காட்டினான். கையில் மிஞ்ச வேண்டிய தொகை என்று ஒரு வரி திரையில் சிவப்பாக இருந்தது. வட்டி இன்னும் ஏறினால் உங்களால் தாங்க முடியாது என்று மிக மரியாதையாகச் சொன்னான். சிறுகடன் தருகிற இரண்டு இடங்களில் இணையத்தில் விண்ணப்பித்தார். இரண்டிலும் ஒரு நிமிடத்துக்குள் இல்லை என்று வந்தது. வீட்டுக்கு வந்து, வசந்தமலர் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். அவளுடைய கையில் ஆறு வளையல் இருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ரொம்சோஸ் நிலக்கீழ் வீட்டின் மணியை அழுத்தினார். கதவுக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சட்டி பானை, புத்தகம், சாமிப்படம் என்று கம்சிகா ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தாள்.

"வாங்கோ அண்ணை. நேரிலை வந்திட்டியள். அனுப்பியிருந்தால் காணும்தானே," என்றாள் சிறிதேவி. "இருங்கோ. கதிரைதான் இல்லை, பெட்டியிலை இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் தங்கச்சி."

"காசு வரேல்லை எண்டு இவள் காலமையிலை இருந்து போனையே பாத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னன், கிளெமென்ற் அண்ணை ரெண்டு மணி எண்டால் ஒண்டு அம்பத்தொன்பதுக்குப் போடுவார் எண்டு."

"காசு இல்லை," என்றார் கிளெமென்ற். "ஐம்பத்தேழாயிரம்தான் இருக்கு."

சிறிதேவி சிரித்துக்கொண்டே நின்றாள். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, அவர் சொன்னது உள்ளே இறங்கவில்லை. கம்சிகாதான் முதலில் எழுந்தாள்.

"என்ன அங்கிள் சொல்லுறியள்? மிச்சம் எங்கை?"

அவர் பெட்டியில் இருந்து எழும்பி, நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை. தொகைகளைச் சரியாகச் சொன்னார். அதைத் தவிர வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"புதன்கிழமையே தெரியும்," என்றாள் சிறிதேவி.

"ஓம்."

"இண்டைக்கு வெள்ளி."

"எப்பிடியும் பிரட்டலாம் எண்டு நினைச்சன்."

"நீங்கள் பிரட்டுவியள். நான் பிரட்ட மாட்டனோ? நான் கோயில்லை நாலு பேரைக் கேட்டிருப்பன். வேலையிலை ரூத் இருக்கிறாள், அவளைக் கேட்டிருப்பன். என்ரை தாலிக்கொடி இருக்கு. அவனுக்காகவே இன்னும் வைச்சிருக்கிறன்? அதை வித்திருப்பன்." குரல் உயரவில்லை. ஒரே மட்டத்தில் வந்தது. "ரெண்டு நாள் எண்டால் ரெண்டு நாள் அண்ணை. நான் பதினாலு வருஷத்திலை ஒருக்காத்தான் ஒரு வீடு கேட்டனான்."

கம்சிகா மெக்லரை அழைத்தாள். நோர்வேஜிய மொழியில் வேகமாகக் கதைத்தாள். பிறகு வங்கியை. பாதிக் காசைப் போட்டால் மீதியை வங்கி விடுவிக்குமா என்று கேட்டாள். பதினைந்து வீதம் முழுவதும் வந்தால்தான் தங்கள் பங்கு நகரும் என்றார்கள். சிறிதேவி மூவரை அழைத்தாள். இருவர் வேலையில், எடுக்கவில்லை. ஒருவர் திங்கட்கிழமை தரலாம் என்றார். நகைக்கடை கிரொன்லாந்தில். போய் வர ஒரு மணித்தியாலம், அன்றே காசு தருவார்களா என்று தெரியாது. ஆனாலும் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள். கிளெமென்ற் கூடப் போகத் திரும்பினார்.

"நீங்கள் வர வேண்டாம்," என்றாள் கம்சிகா. தமிழில் அப்படிச் சொல்லிவிட்டு, தாயின் பின்னால் ஓடினாள்.

தாலிக்கொடிக்குக் கிடைத்த நாற்பத்தேழாயிரத்தோடு, இரண்டு மணிக்கு மெக்லரின் கணக்கில் இரண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் இருந்தது. எண்பத்தோராயிரம் குறைவு.

அவளுக்கு ஒரு மாதத் தவணையும் தாமத வட்டியும் கொடுத்தார்கள். ஆனால் அந்த மாதத்துக்குள் வங்கி தன் கடன் ஒப்புதலைத் திரும்பவும் பரிசீலித்தது. வட்டி ஏறியிருந்தது. அவளுடைய சம்பளத்துக்கு இப்போது இருபத்துநான்கு லட்சத்து வீடு தாங்காது என்று கணக்கு வந்தது. முன்பு சரியாக விளிம்பில் நின்ற கணக்கு. ஒரு புள்ளி கூடியதும் வெளியே விழுந்துவிட்டது. விற்பனையாளர் ஒப்பந்தத்தை முறித்து வேறொருவருக்கு விற்றார். குறைந்த விலைக்கே போனது. வித்தியாசமான ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைச் சிறிதேவிதான் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அவள் பதினாலு வருடம் சேர்த்த ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து அது போனது.

ஒக்டோபர் ஞாயிறன்று சீட்டுக்காரர்கள் கூடினார்கள். சிறிதேவி வரவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. பொலிசுக்குப் போவது பற்றி ஒருவர் தொடங்க, மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். கையெழுத்துப் போட்ட ஒரு துண்டும் இல்லை, போனால் எல்லோருடைய பெயரும் வரும். இரவீந்திரன் மேசையிலிருந்த சீட்டுக் கொப்பியை எடுத்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். கிளெமென்றின் முகத்தைப் பார்க்காமல், "இனி நான் பாக்கிறன் அண்ணை" என்றான். வசந்தமலர் அன்றுதான் முழுக் கதையையும் கேட்டாள். கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். ஆட்கள் போனபிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என்னட்டைக் கேக்கேல்லை," என்றாள். "நான் செத்தே போனன்?"

ஹவுகன்ஸ்டுவா வீடு வசந்தத்தில் விற்கப்பட்டது. கூட்டி எடுத்த கடனை வங்கிக்குக் கட்டிய பிறகு பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. சிறிதேவியின் காசை கிளெமென்ற் மூன்று தடவையாகக் கொடுத்து முடித்தார். அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையும் தானே தருவதாக எழுதினார். இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார், மாதம் மூவாயிரம். ஒவ்வொரு மாதமும் 'கிடைத்தது' என்று கம்சிகாவிடமிருந்து ஒரு சொல் வரும். காசு திரும்பி வரும், வீடு வராது என்பது அவருக்குத் தெரியும். அந்த அளவு வீடு இப்போது முப்பது லட்சத்துக்கு மேல். இப்போது அவரும் வசந்தமலரும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவள் அவரோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறாள். உப்புப் போதுமா, கதவைப் பூட்டினீர்களா.

சென்ற தை மாதம் கம்பனி அவரை வேறொரு பாதைக்கு மாற்றியது. விடிகாலை முதல் பேருந்து. மூன்றாம் நாள் ரொம்சோஸ் தரிப்பிடத்தில் ஒரே ஒரு ஆள் நின்றாள். குளிர் பூச்சியத்துக்குப் பதினாறு பாகை கீழே. கண்வரை சால்வை சுற்றியிருந்தாலும் நிற்கிற விதத்தில் யாரென்று தெரிந்தது. பேருந்தை நிறுத்தி முன்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்த வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

சிறிதேவி ஒரு காலைப் படியில் வைத்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்து, தரிப்பிடத்தின் கண்ணாடிச் சுவர்வரை பின்னால் போய் நின்றாள்.

"ஏறுங்கோ தங்கச்சி. அடுத்தது கால் மணித்தியாலம்," என்றார்.

அவள் கையை அசைத்தாள், போ என்பதுபோல். கோபமாகக்கூட இல்லை. தெரியாத ஒரு பேருந்தைப் போகச் சொல்வதுபோல.

கதவைத் திறந்தபடி அவர் காத்திருந்தார். உள்ளே குளிர் வந்தது. பின்னால் இருந்த இரண்டு பயணிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பேருந்து அட்டவணைக்கு ஒரு நிமிடம் பிந்திவிட்டதாகத் திரை காட்டியது. கதவை மூடினார். கண்ணாடியில், வெறும் வீதியில், அவள் மற்றப் பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.